அடுக்கக் கூடாத எண்கள்

அடிப்பது என்னவென்று யோசிக்க ஆரம்பித்தால் தட்டச்சுக்காரனின் விரல் நின்றுவிடும். அடுத்தவர் எழுத்தை அடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். தஞ்சாவூர்த் தாலுகா கச்சேரிக்கு எதிரே, மாடியில், மரப்பலகைத் தரை போட்ட கடை. இரண்டு இயந்திரம், ஒன்றில் நான், மற்றதில் செல்வராஜ். குத்தகைப் பதிவு தொடங்கிய புதிது என்பதால் விடிந்தால் மனுக்காரர் கூட்டம்.

தொட்டால் எவ்வளவு தூரம்

அந்தக் கூட்டத்துக்குள் ஆராய்ச்சி மாணவர் கலியமூர்த்தி தன் ஆய்வேட்டின் கையெழுத்துத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அடித்து வாங்க வந்தார். கணிதம் கலந்த பௌதிகம். வழிகாட்டும் பேராசிரியர் வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். எதைப் பற்றி என்று கேட்க எனக்குக் கூச்சம். மனு பற்றி விசாரிக்க வந்திருந்த திருவையாற்றுப் பக்கத்துக் குத்தகைக்காரர் ரெங்கசாமி கேட்டுவிட்டார்.

"அணுக்கள் ஒழுங்கில்லாம கலைஞ்சு கிடக்குற பொருள்ல ஒரே ஒரு இடத்தைத் தொட்டா, அந்த ஆட்டம் எவ்வளவு தூரம் போகும்னு கணக்குங்க. ரொம்பக் கலைஞ்சு கிடந்தா பக்கத்துலயே அடங்கிடும்" என்றார் கலியமூர்த்தி. ரெங்கசாமி துண்டை உதறினார்: "எங்க ஊர்ல ஒரு வரப்பைத் தொட்டா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஆடுதே தம்பி!"

நடை

கிரேக்க எழுத்து என் இயந்திரத்தில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டு இடம் விட்டு அடிப்பேன். அவர் மையால் வரைந்துகொள்வார். விட்ட இடங்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே தாளை உருவுவேன். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. அறுவடைக் கூலித் தகராறில் அவர் ஊருக்குப் பஸ் நின்றுபோய், வீட்டிலிருந்து தகவலும் இல்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்த செல்வராஜ் சொன்னார்: "உட்காருங்க சார், நீங்க நடக்குறதுல மேசை ஆடி என் மனுவுல எழுத்து வரியை விட்டுத் தூக்குது."

அட்டவணை

முடியாதோ என்ற பயத்தில் கடைசி அட்டவணையைச் செல்வராஜிடம் கொடுத்தேன். அணு இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எண். வியாழன் மாலை அதைப் பார்த்த கலியமூர்த்திக்கு முகம் வெளுத்தது. எண்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை அழகாக ஏறியிருந்தன. மனுவில் சர்வே எண் வரிசை தவறினால் கச்சேரியில் திருப்பிவிடுவார்கள். செல்வராஜுக்குக் கை அப்படியே பழகியிருந்தது.

"கலைஞ்சு கிடக்குறதுதான்யா என் ஆராய்ச்சியே! நாளைக்கு எதைக் கொடுப்பேன்?" என்று கத்தினார் கலியமூர்த்தி. செல்வராஜ் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கன்னாபின்னான்னு கிடந்துச்சு சார், பாவம்னு அடுக்கிக் கொடுத்தேன்."

ஒரு தாள்

கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, கார்பன் வைத்து, நானே திரும்ப அடித்தேன். வரிக்கு வரி பொருந்தியதால் அந்த ஒரு தாளோடு போயிற்று. அடுத்த பக்கம் எதுவும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை கலியமூர்த்தி பைண்டிங் முடித்துப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு, மாலை வந்து சொன்னார்: "தொட்ட இடத்தோட நின்னுடுச்சுங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ரெங்கசாமி படியேறி வந்தார். அன்று காலை செல்வராஜ் அடித்துக் கொடுத்த மனுவைக் கச்சேரியில் திருப்பிவிட்டார்களாம். வாங்கிய திட்டின் மிரட்சியில் செல்வராஜ் சர்வே எண்களை, ரெங்கசாமி சொன்ன வரிசையிலேயே, கலைந்தபடி அடித்திருந்தார். அட்டவணைக் கதையைக் கேட்ட ரெங்கசாமி கலியமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார்: "உங்க அணு எங்க வயலுக்கு வந்துடுச்சே தம்பி!"

கலைந்ததைக் கலைந்தபடியும் அடுக்கியதை அடுக்கியபடியும் அடிப்பதுதான் எங்கள் தொழில். எது எது என்று கேட்பதற்குத்தான் கூச்சம்.