செத்துச் செத்துப் பிழைத்த ஞானதாஸ்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் கூடைப்பந்து பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர், ஞானதாஸ் விழுவதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

பகலில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. சாயங்காலம் மாதா கோயில் மைதானத்தில் ஆட்டம். ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. ஓடிக்கொண்டே எறிந்தால் பந்து கூடைப் பக்கமே போகாது. யாரும் மறிக்காமல், நின்று நிதானமாக எறிந்தால் மட்டும் தவறாமல் விழும். எதிராளி தப்பாக மோதித் தள்ளினால்தான் அப்படி எறிய விடுவார்கள். அதனால் எதிராளியின் முழங்கை சட்டையில் உரசினாலே போதும், ஞானதாஸ் அடியற்ற மரமாகச் சாய்ந்து, உருண்டு, ஒரு கையை மெல்லத் தூக்கி, அதையும் தொப்பென்று போடுவார். நடுவர் விசில் ஊதுவார். கொஞ்சம் முனகிவிட்டு எழுந்து, பந்தைக் கூடையில் போட்டுவிடுவார்.

ஆத்தூரில்தான் அந்த வித்தை பலிக்காமல் போனது. ஒரு ரைஸ் மில்லின் சிமெண்ட் களத்தில் கோடு கிழித்து ஆட்டம் நடந்தது. ஞானதாஸ் முதல் தடவை விழுந்தபோது ஒரு அம்மாள் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுத்த தடவை ஆத்தூர் அணித்தலைவர் சென்றாயன் நடுவரிடம் போனார்.

"சார், நான் அவரத் தொடவே இல்ல. காத்துதான் பட்டுது."

நடுவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "இனிமே விழுந்தா விசிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று எச்சரித்தார். சொல்லி வாய் மூடவில்லை, களத்து வெடிப்பில் ஞானதாஸின் கால் மாட்டிக்கொண்டது. இந்த முறை நிஜமாகவே விழுந்தார். கணுக்கால் சுருக்கென்றது. ஒருவரும் கிட்டே வரவில்லை. சொந்த அணித்தலைவர் மிக்கேலே பக்கத்தில் ஓடிக்கொண்டு, "எந்திரி ஞானம், கண்டுபுடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டத்தில் தோற்றார்கள்.

வீங்கிய காலைத் தண்ணீர் வாளியில் விட்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால், கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் குந்தினார். அருணகிரி என்று பெயர், திருச்செங்கோட்டுக்காரர். சேலத்து சினிமா ஸ்டுடியோ ஒன்றில் சண்டைக்காட்சி அமைப்பவர்.

"ஏனுங்க, மத்த வுழுவெல்லாம் அருமைங்க. கடைசி வுழுவு மட்டும் சரியில்லீங்க. நம்பற மாதிரியே இல்ல."

"அது நெசமா விழுந்ததுங்க."

"அதானுங்க பாத்தேன்" என்றார் அருணகிரி. "கால் ஆறட்டும். ஸ்டுடியோப் பக்கம் வாங்க."

இப்படித்தான் ஞானதாஸ் நடிகரானார். அது ராஜா ராணிப் படங்களின் காலம். படத்துக்குப் படம் போர், போருக்குப் போர் பிணம். காலையில் சோழன் படையில் ஈட்டி பாய்ந்து சாவார். மத்தியானச் சோறு தின்றுவிட்டு, மீசையை மாற்றிக்கொண்டு, எதிரிப் படையில் அம்பு பட்டுச் சாவார். கோட்டைச் சுவரிலிருந்து விழுவார், குதிரையிலிருந்து விழுவார். மற்றவர்கள் விழுந்தால் அட்டைக் கேடயம் நசுங்கும். இவர் விழுந்தால் கேடயம் அப்படியே இருக்கும். அதனாலேயே சாமான் அறைக்காரருக்கு இவர்மேல் தனிப் பிரியம். பட்டறை வேலையையும் விடவில்லை. சூட்டிங் இல்லாத நாளில் அங்கே போய்விடுவார்.

முதல் படம் வந்ததும் அம்மா ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். திரையில் ஈட்டி பாய்ந்ததும் ஆரோக்கியம் வாய்விட்டு அழத் தொடங்கினாள். "அம்மா, இங்கதான இருக்கேன்" என்று ஞானதாஸ் கையைப் பிடித்தார். அவள் கையை உதறிவிட்டுத் திரையைப் பார்த்தே அழுதாள். வீட்டுக்கு வரும் வழியில், "அத்தன பேர் நிக்கறாங்க, உன்னயே ஏண்டா குத்தறான்?" என்று கேட்டாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தச் சாவுகள் குறுக்கே வந்து நின்றன. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விவசாயம் பார்க்கும் ராயப்பனுக்கு மரியபுஷ்பம் என்று ஒரு மகள். பெண் பார்க்கப் போன இடத்தில் ராயப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. பையன் நல்ல பையந்தான். ஆனா நான் பாத்த படத்துல எல்லாம் செத்துச் செத்துப் போறாருங்க. நல்ல காரியம் பேசற நேரத்துல மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

ஞானதாஸ் தலைகுனிந்தார். காப்பித் தட்டோடு வந்த மரியபுஷ்பம் நின்றாள்.

"அவர் சாகலீங்கப்பா. கோட்டை வாசல்ல விழுந்து கெடக்கறப்ப ஒரு ஈ வந்து மூக்குல உக்காந்துச்சு. ராஜா பேசி முடிக்கறதுக்குள்ள இவர் கையால ஓட்டிட்டாரு. நீங்க ராஜாவப் பாத்திருப்பீங்க. நான் பாத்தேன்."

ஞானதாஸுக்குக் காது சூடாகிவிட்டது. டைரக்டர் பார்க்கவில்லை, கேமராக்காரர் பார்க்கவில்லை, படத்தை வெட்டி ஒட்டியவர் பார்க்கவில்லை. நாமகிரிப்பேட்டையில் ஒரு பெண் பார்த்திருக்கிறாள். அவமானமாகவும் இருந்தது, இவளை விட்டால் வேறு யாரையும் கட்டக்கூடாது என்றும் தோன்றியது. ராயப்பன் முதலில் மகளை முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். தை மாதம் கல்யாணம்.

அறுபதுகள் வந்ததும் ராஜா படங்கள் குறைந்தன. கோட்டும் காரும் வந்தன. கார் மோதிச் சாக எத்தனை பேர் வேண்டும்? ஞானதாஸ் மறுபடி பட்டறையில் அதிக நாள் நின்றார். அப்போதுதான் அருணகிரி ஒரு செய்தியோடு வீட்டுக்கு வந்தார். பனமரத்துப்பட்டி ஏரியில் சூட்டிங். பரிசல்காரன் வேஷம் போட வேண்டியவருக்குக் காய்ச்சல். பரிசலில் கவிழாமல் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

"இதுல எப்ப சாகணுங்க?" என்று கேட்டார் ஞானதாஸ்.

"சாக வேண்டாமுங்க. பேசணும்."

மறுநாள் ஏரிக்கரையில் ஊரே திரண்டிருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து நிற்கும் கதாநாயகனிடம் பரிசல்காரன் சொல்ல வேண்டிய வசனம் இது: "அஞ்ச வேண்டாம் ஐயா, எத்தகைய வெள்ளமாயினும் தங்களை அக்கரை சேர்ப்பது என் கடமை." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நெட்டுருப் போட்டார். ஆனால் கேமரா ஓடத் தொடங்கியதும் அந்த வசனம் ஏரியில் விழுந்த கல் மாதிரி காணாமல் போனது. இத்தனை வருஷத்தில் பேசச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதே இல்லை. கதாநாயகன் காத்துக்கொண்டு நின்றான். ஞானதாஸ் துடுப்பை ஊன்றிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஏறுங்க சாமி. தண்ணி அது பாட்டுக்குப் போகுது. நாம நம்ம பாட்டுக்குப் போவோம்."

கரையில் சிரிப்பு எழுந்தது. ஞானதாஸ் பரிசலில் நின்றபடியே டைரக்டரைக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க, மறந்துபோச்சுங்க."

டைரக்டர் கரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கச் சொன்னார். பிறகு, "அதையே இன்னொரு தடவை சொல்லுங்க. சிரிப்புச் சத்தமில்லாம எடுத்துக்கறேன்" என்றார்.

இப்போது வேறு சங்கடம். என்ன சொன்னோம் என்பதே ஞானதாஸுக்கு நினைவில்லை. உதவியாளர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து கூட்டத்தில் நின்றிருந்த மரியபுஷ்பம்தான் முன்னால் வந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொடுத்தாள். "சாமிக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்துனீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

படம் சேலத்தில் நன்றாக ஓடியது. பரிசல்காரன் பேசும் இடத்தில் தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. ஆரோக்கியம் பக்கத்தில் இருந்த பெண்களையெல்லாம் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பட்டறையில் முதலாளி தொடங்கி எல்லோரும், "நாம நம்ம பாட்டுக்குப் போவோம்" என்று சொல்லித்தான் சாயங்காலம் கதவைச் சாத்தினார்கள்.

மெட்ராஸ் சினிமாக் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அடுத்த படத்தில் அவருக்குத் தபால்காரர் வேஷம், சாவு கிடையாது, இரண்டு வசனம். முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒரு சொம்பு மோர் முழுவதையும் குடிக்க வேண்டும். இரண்டாவது, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."