டப்பா அறைக்குப் பின்னால் ஒரு கதவு

சாந்தோமில் பிறந்து வளர்ந்த ஜொவிட்டாவுக்கு வீட்டு வாசலிலிருந்தே கடல் தெரியும். ஆனால் அடையாற்றில் கடல்நீரை ஆராயும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கடல் அவளிடம் பாட்டிலில்தான் வந்தது. ஆண்கள் கப்பலில் போய் நீர் எடுத்து வருவார்கள். பெண்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து சோதிப்பார்கள். ஒருமுறை வந்த பாட்டில்களில் பாதிக்கு எந்த ஆழத்தில் எடுத்தது என்ற குறிப்பே இல்லை. அவற்றையெல்லாம் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. ஜொவிட்டா நேரே பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

“அடுத்த தடவ நானே போறேன் சார்.”

“கப்பல்ல லேடீஸுக்கு பாத்ரூம் கிடையாதும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

அந்த வாரமே அவள் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறிப் பார்த்தாள். கப்பல் ஊழியர் வெள்ளைச்சாமி அறை அறையாகத் திறந்து காட்டினார். கடைசி அறையில் தலை உயரத்துக்குக் காலி டப்பாக்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கதவு.

“அங்க என்னண்ணா இருக்கு?”

“பாத்ரூம்தான் மேடம். டப்பா அடைச்சிகினு கீது, அதான் யாரும் போறதில்ல. தண்ணிலாம் வரும்.”

ஜொவிட்டா செல்போனில் படம் எடுத்தாள். மறுநாள், கூட வேலை செய்யும் ஜுவேரியாவையும் அழைத்துக்கொண்டு தலைவரிடம் அதைக் காட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். “சரி, நீ கிளம்பிட்டா குழந்தைய யாரு பாத்துக்குவாங்க?”

“அவங்கப்பா பாத்துப்பாரு. நீங்க கப்பல்ல போனப்போ உங்க பிள்ளைங்கள யாரு பாத்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா சார்?”

அனுமதி உடனே வரவில்லை. இரண்டு பயணங்கள் அவர்கள் இல்லாமலே போயின. ஒவ்வொரு முறையும் இருவரும் போய் அவர் முன்னால் நின்றார்கள். மூன்றாவது முறை டப்பாக்கள் வெளியேறின, கட்டில்கள் வந்தன.

பயணத்தின் முதல் நாளே கடல் ஜொவிட்டாவைப் புரட்டிப் போட்டது. வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது, “மேடத்தக் கரையிலயே விட்டிருக்கலாம்” என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, பாட்டில் இறக்கும் கயிற்றருகே போய் நின்றாள். அந்தப் பயணத்தில் குறிப்பில்லாத பாட்டில் ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை.

போன ஆண்டு அதே கப்பலின் ஆய்வுக் குழுவுக்கு ஜொவிட்டாதான் தலைவி. நீர் எடுக்க வேண்டிய கடைசி இடத்தை நெருங்கும்போது காற்று வலுத்தது. கேப்டன் அவளிடம் வந்தார்.

“திரும்பிடலாமா மேடம்?”

“கப்பலுக்கு ஆபத்துன்னா இப்பவே திருப்புங்க. ஆட்டம் மட்டும்தான்னா, முடிச்சிட்டே போவோம்.”

“ஆட்டம்தான்.”

“அப்ப பாட்டில இறக்கச் சொல்லுங்க.”