வலது ஓரத்து லேபிள்

செல் பாடம் நடத்தும்போது சண்முகத்தாய் டீச்சர் வகுப்புக்குள் வந்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பையில் வெங்காயம் இருக்கும். திருமுக்குளத்திலிருந்து பிடித்துவந்த பச்சைத் தண்ணீர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தளும்பும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "ஒரே செல்லுதான். வாயி, வயிறு, காலு எல்லாமே அந்த ஒண்ணுக்குள்ளதான். எப்படிப் பொழைக்குது பாருங்க" என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் உயிரியலுக்கு இருந்த ஒரே நல்ல மைக்ராஸ்கோப் அவள் பொறுப்பில்தான் இருந்தது. பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருந்தாள்.

ஒன்று மட்டும் செய்யமாட்டாள். கன்னத்துச் செல்லைப் பார்க்கும் நாளில் தன் கன்னத்தைச் சுரண்டமாட்டாள். வேறு யாரையாவது கூப்பிடுவாள். "டீச்சர், ஒங்க செல்லைப் பாக்கணும்" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், "என் செல்லுல என்ன இருக்கு, எல்லாருக்கும் இருக்கதுதான்" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்தது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

அது எண்பத்து நான்காம் வருஷத்தில் தொடங்கியது. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் சண்முகத்தாய் விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம். குரலும் கொஞ்சம் கனம். பூப்பந்து ஆடுவாள், அவள் அடித்த பந்தை எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கப் பயப்படுவார்கள். கூடவே நொட்டாங்கைக்காரி, எல்லா வேலையும் இடது கையில்தான். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்தவள் ஆவுடையம்மாள். ஆள் சின்னது, பயந்த சுபாவம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சோதனைக்கூடத்தில் இருவருக்கும் கடைசி பெஞ்சு. தவளையை அறுக்கிற நாளில் ஆவுடையின் தவளையையும் சேர்த்துச் சண்முகத்தாய்தான் அறுப்பாள்.

அன்றைக்குத் தவளை இல்லை, அவரவர் கன்னம்தான். மருந்தில்லாத தீக்குச்சி முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக வழித்து, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் விட்டு, மேலே மெல்லிய மூடி வைக்க வேண்டும். பெண்ணின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. வேலைக்கு ஒன்று போதும் என்று மற்றொன்று சுருண்டு, உட்கருவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும். சாயம் பிடித்தால் அது கரும்புள்ளியாகத் தெரியும். பார் பாடி என்று அதற்குப் பெயர். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அங்கே தூங்குவதற்கு ஆள் கிடையாது. பெண்ணாகவே இருந்தாலும் எல்லாச் செல்லிலும் புள்ளி தெரியாது. சாயமும் லென்சும் ஒத்துழைத்தால் சிலவற்றில் தெரியும். இதெல்லாம் பாடத்திலேயே இருந்தது. ஆனால் பாடத்தை யார் முழுசாகப் படித்தார்கள்!

சாயத்துக்கு அந்தச் சோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே புட்டிதான், முதல் பெஞ்சிலிருந்து கைமாறி வரும். கடைசி பெஞ்சுக்கு வரும்போது அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டு அலசி ஒப்பேற்றிக்கொள்வார்கள். அன்றைக்கு அடியில் கிடந்த கெட்டிச் சாயம் சண்முகத்தாய்க்குக் கிடைத்தது. அவளுக்குப் பிறகு புட்டியை அலசி ஊற்றிக்கொண்டவள் ஆவுடை.

பெயர் எழுதிய லேபிளைச் சில்லின் ஓரத்தில் ஒட்டுவார்கள். சும்மா இருக்கிற கை அந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை செய்கிற கை மற்றதைப் பார்க்கும். அதனால் வகுப்பில் எல்லாருடைய லேபிளும் இடது ஓரத்தில் இருக்கும். நொட்டாங்கைக்காரி சண்முகத்தாயின் லேபிள் மட்டும் வலது ஓரத்தில். இதற்காக விரிவுரையாளர் தனுஷ்கோடியிடம் அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "மாத்துதேன் சார்" என்பாள். அடுத்த வாரமும் வலதுபக்கம்தான் ஒட்டுவாள்.

சில்லின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்துவிட்டு, சண்முகத்தாய் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் தனுஷ்கோடி சார் கடைசி பெஞ்சுச் சில்லுகளை எடுத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகத்தாயின் பெயர் ஒட்டிய சில்லை அப்படியும் இப்படியும் நகர்த்தினார்.

"என்னம்மா இது, புள்ளியையே காணோம்? நீ பொம்பளப் பிள்ளைக பெஞ்சுல தப்பி வந்து உக்காந்துட்டியா?"

வகுப்பே சிரித்தது. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். சண்முகத்தாயும் சேர்ந்து சிரித்தாள். பூப்பந்து ஆடுகிறவளுக்குக் கேலி புதிதா என்ன? சிரிக்காதவள் ஆவுடை ஒருத்திதான். "விடுடி, சாயம் சரியில்ல" என்று தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்காக வருத்தப்பட ஒருத்தி இருக்கிறாளே என்று சண்முகத்தாய்க்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்தச் சிரிப்பு தளவாய்புரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் சண்முகத்தாய்க்கு மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடிந்து, பூ வைக்க நாளும் குறித்திருந்தார்கள். அதே வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்கு அந்த மாப்பிள்ளை சொந்தம். அவள் வீட்டில் போய்ச் சிரிப்புக்குச் சொன்னாள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. பொருத்தம் சரியில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். உண்மையான காரணத்தைத் தரகர்தான் சண்முகத்தாயின் தாய் வெள்ளைத்தாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெள்ளைத்தாய் மகளை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஒரு கொறையும் இல்ல, போங்க" என்று கோபமாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் ஊர் டாக்டரிடமா கேட்கும்? காலேஜிலேயே மிஷின் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம், அதற்கு மேல் என்ன? அடுத்து வந்த வரனும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. பிறகு வரன்களே வரவில்லை.

இன்னொரு தரம் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். மறுபடியும் வெறுமையாக வந்துவிட்டால்? அந்தப் பயம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பி.எட். முடித்தாள், வேலைக்கு வந்தாள், வருஷா வருஷம் குரோமோசோம் படம் வரைந்தாள். புள்ளி எல்லாச் செல்லிலும் தெரியாது என்பதை அவளைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இருந்தும் கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் ஒரு விநாடி சந்தேகமாகத்தான் பார்த்தாள். வெள்ளைத்தாய் சாகும்போதும் மகளின் கன்னத்தைத்தான் தடவினாள். "ஒன்னய எதுல கொற வச்சுப் பெத்தேன்னு தெரியலையே தாயி" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அத்தனைக்கும் ஆறுதல் ஆவுடை வீடுதான். படிப்பு முடிந்த கையோடு ஆவுடைக்கு அத்தை மகனோடு கல்யாணம் ஆகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகத்தில் குடியிருந்தாள். அடுத்த வருஷமே முத்துச்செல்வி பிறந்தாள். பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நின்றது சண்முகத்தாய்தான். பிள்ளைக்கு அவள் பெரியம்மா. பேச்சு வந்ததும் குழந்தை முதலில் கூப்பிட்டதும் அவளைத்தான். சனிக்கிழமை ஆனால் சண்முகத்தாய் பால்கோவாப் பொட்டலத்தோடு அங்கே போய்விடுவாள். மனசு தாங்காத நாட்களில் ஆவுடையின் மடியில் படுத்து அழுவாள். ஆவுடையும் கூட அழுவாள். "என் கூடப் பொறந்தவ இருந்தாக்கூட இப்படி அழமாட்டா" என்று சண்முகத்தாய் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்று ஏழில் கல்லூரிக்குப் புதுச் சோதனைக்கூடம் கட்டினார்கள். பழைய சாமான்களில் பள்ளிக்கூடத்துக்கு ஆகிறதை எடுத்துப்போகலாம் என்று தனுஷ்கோடி சார் பழைய மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவருக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. அந்தக் கேலி அவருக்கு நினைவிலேயே இல்லை. "வாம்மா, நல்லாருக்கியா? பூப்பந்தெல்லாம் உண்டா?" என்று பாசமாகக் கேட்டார். சண்முகத்தாய் மரப்பெட்டிகளைத் திறந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய வகுப்புப் பெட்டி கைக்கு வந்தது.

ஒன்றில் தன் பெயரைப் பார்த்து வெளியே எடுத்தாள். அந்தச் சில்தான். நகப்பூச்சு உதிர்ந்து, உள்ளே இருந்தது காய்ந்துபோய், இனி எந்த மைக்ராஸ்கோப்பிலும் எதுவும் தெரியாது. கீழே வைக்கப்போனவள் மறுபடியும் பார்த்தாள். எழுத்து அவளுடையதுதான். ஆனால் எழுத்தை நேராக வைத்துப் பார்த்தால் லேபிள் இடது ஓரத்தில் இருந்தது.

அவள் ஆயுசில் இடது ஓரத்தில் லேபிள் ஒட்டியதே இல்லை.

பக்கத்துச் சில்லை எடுத்தாள். ஆவுடையம்மாள் என்று ஆவுடையின் குண்டுகுண்டான எழுத்து. அந்த லேபிள் வலது ஓரத்தில் இருந்தது. ஆவுடைதான் ஈரம் காயும் முன் உரித்து, இதை அதிலும் அதை இதிலும், பசை இருந்த இடத்திலேயே ஒட்டியிருக்கிறாள். குழாயடிக்குப் போய்வந்த நேரம் அதற்குத் தாராளமாகப் போதும். சண்முகத்தாய் பெட்டிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அந்த வெறும் சில் அவளுடையது இல்லையே! ஆனால் வந்தது சந்தோஷம் இல்லை. ஆவுடையின் மடிதான் நினைவுக்கு வந்தது.

கல்லூரியிலிருந்து நேராக மடவார் வளாகத்துக்குப் போனாள். ஆவுடை அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி வெளியே தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, வெயில்ல வாரியே, செத்த உக்காரு" என்று திரும்பிய ஆவுடை, வந்து உட்கார்ந்த சண்முகத்தாய் மேஜையில் வைத்த இரண்டு கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே சண்முகத்தாய்க்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நீதானா?"

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குக் கல்யாணம் பேசியிருந்துச்சுடி. நான் வயசுக்கு வந்ததே ரொம்பப் பிந்தி. எங்க அத்த ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுவாக. பாத்தா என்னுதுல ஒண்ணுமே தெரியல. ஒன்னுதுல புள்ளி புள்ளியா அழகாத் தெரிஞ்சுது. பயந்துட்டேன். ஒனக்குன்னா யாரும் நம்பமாட்டாக, நீ சிரிச்சுத் தள்ளிருவேன்னு நெனச்சேன்."

"சிரிச்சேன்லா. பொறவு?"

"பொறவு எப்படிச் சொல்ல? நாளாக ஆக வாய் வரல."

"அன்னைக்கு நீ பயந்தது இருக்கட்டும். சின்னப் பிள்ள, புத்தி போயிருச்சு, விட்டுட்டேன்" என்றாள் சண்முகத்தாய். "செல்வி பொறந்தாள்ல? அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. புள்ளி தெரியாத கண்ணாடி என்னுதுதான், நானே புள்ள பெத்துட்டேன், அந்தச் சோதனையே சுத்தப் பொய்யின்னு ஒரு வார்த்த. எனக்கு வேண்டாம்டி, எங்கம்மா காதுல போட்டிருக்கலாமே. அவ அந்தக் கொறையோடயே போய்ச் சேந்தா. ஒனக்குத் தெரியும். நீயும் பக்கத்துலதான நின்ன?"

ஆவுடை அழுதாள். பழைய அழுகைதான். எத்தனையோ சனிக்கிழமை சண்முகத்தாய் அதைத் தனக்கான அழுகை என்று நம்பியிருந்தாள். இப்போது அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"சம்முகம், ஒங் காலப் பிடிச்சுக் கேக்கேன். இப்ப வெளிய சொல்லிராத. நாளைக்கு நான் செல்விக்கு மாப்பிள்ள பாக்கணும். தாய்க்கே இப்படின்னா மகளுக்கு எப்படியோம்பாக. இவ வாழ்க்கையும் போயிரும்."

சண்முகத்தாய் அவளை வெறித்துப் பார்த்தாள். பெற்றெடுத்து, வளர்த்து, கண் முன்னால் ஓடி விளையாட விட்ட பிறகும் இவளுக்கு இவ்வளவு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தெரிந்தேதான் இத்தனை வருஷமும் தன் தலையில் சுமத்தி வைத்திருந்திருக்கிறாள்.

அந்நேரம் முத்துச்செல்வி உள்ளே ஓடி வந்தாள். "பெரியம்மா!" என்று வழக்கம்போல மடியில் வந்து விழுந்தாள். வேர்த்துச் சிவந்திருந்த அந்தக் கன்னத்தைச் சண்முகத்தாய் தன் இடது கையால் துடைத்துவிட்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை. "போயி மொகம் கழுவிட்டு வா தாயி" என்று பிள்ளையை அனுப்பிவிட்டு எழுந்தாள்.

"நான் சொல்லமாட்டேன். ஒனக்காக இல்ல, அவளுக்காக" என்றாள். "ஆனா ஒண்ணு ஆவுடை. என் உடம்புல கொற இல்லைன்னு சொல்ல ஊருக்குள்ள ஒரு சாட்சி இல்லியேன்னு ஒம் மடியிலதான் படுத்து அழுதேன். அந்தச் சாட்சி இந்தப் பிள்ளதான்னு ஒனக்குத் தெரியும். எஞ் சாட்சிய எங் கையிலயே குடுத்து, சனிக்கிழமைக்குச் சனிக்கிழம கொஞ்சிட்டுப் போன்னு விட்டிருக்கியேடி."

ஆவுடையின் பெயர் வலது ஓரத்தில் ஒட்டியிருந்த தன் சில்லை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மற்றதை மேஜையிலேயே விட்டுவிட்டாள். குழாயடியிலிருந்து முத்துச்செல்வி, "பெரியம்மா, அடுத்த சனிக்கிழம வருவீங்கள்ல?" என்று சத்தமாகக் கேட்டாள். சண்முகத்தாய் வாசலில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். செருப்பு காலடியில்தான் கிடந்தது.