நல்ல தண்ணிக் குழாயடி

மாசி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தால் எது தண்ணீர், எது வானம் என்று தெரியாது. உப்புக் குவியல்கள் மிதக்கும். உப்பு வாருகிறவர்கள் தரையில் கால் பாவாமல் நடப்பதுபோல் இருக்கும். மரக்காணத்து உப்பளத்தோரப் பள்ளியின் தலைமையாசிரியை ஜான்சி, ஒருநாள் அந்த மிதப்புக்குள் தன் பள்ளிப் பிள்ளை ஒருத்தியைக் கண்டார். ஏழாம் வகுப்பு தமிழ்நிலா, தலையில் உப்புக்கூடை.

விசாரித்தார். அம்மா சின்னப்பாப்பாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் புண். வலியில்லை என்று துணியைச் சுற்றிக்கொண்டு உப்புப் பாத்திக்கு இறங்குகிறாள். காய்ச்சல் அடித்தால் மகளை அனுப்புகிறாள். வலிக்கிற புண் ஆளை உட்காரவைக்கும். வலிக்காத புண் காலையே கொண்டுபோகும். அந்தக் கால் போனால் பெண்ணின் படிப்பும் அதோடு போகும். வீட்டுக்கே போய்ச் சொல்லியும், சீசன் முடியட்டும் என்றாள் சின்னப்பாப்பா.

பள்ளி விட்டபின் கதவைப் பூட்டுவதில்லை என்று ஜான்சி முடிவெடுத்தார். கிராம நர்ஸ் சரண்யாவை வரச்சொன்னார். வராந்தாவில் பேசின்கள், வெதுவெதுப்பான தண்ணீர், வெள்ளைத் துண்டுகள். உப்பளத்து அம்மாக்களுக்குக் கால் கழுவி மருந்து போடப்படும் என்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினார்.

ஒருத்தியும் வரவில்லை. தண்ணீர் ஆறிப்போயிற்று.

காரணத்தை உப்பளத்தில் வேலை செய்யும் திரௌபதிதான் சொன்னாள், பள்ளியிலிருந்து மகனைக் கூப்பிட வந்தபோது. "உங்க தவக்காலத்துல துண்டும் பேசினுமா வெச்சா என்னன்னு நெனைப்போம் டீச்சர்? காலக் கழுவி அப்படியே மாதா கோயில்ல சேத்துடுவீங்கன்னு எங்க தெருவுல பேச்சு." மாதா கோயில் தெருக்காரிகளோ வேறு கணக்கில் இருந்தார்கள். பெரிய வியாழனன்று பூசையில் சாமியார் சடங்காகக் கழுவும் காலை டீச்சர் கழுவினால் பாவம் என்று சாலம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டாளாம்.

ஜான்சிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம், தன்மேல்தான். அன்று சாயங்காலம் வாசலில் நின்றார். வெயில் தணிந்து, பாத்திகள் ரோஜா நிறத்தில் கிடந்தன. காலி குடங்களோடு பெண்கள் பள்ளியைத் தாண்டி நெடுந்தூரம் நல்ல தண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்குள் நல்ல தண்ணிக் குழாய், அதற்கு மட்டும் தனிப் பூட்டு.

மறுநாள் துண்டுகளைப் பெட்டியில் போட்டார். குழாயின் பூட்டை எடுத்துத் திறந்துவிட்டார். ஒரே ஒரு சட்டம்: உப்புக் காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது, வாசலில் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். சரண்யா வாசலருகே சும்மா உட்கார்ந்து, வருகிற பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைகிற நேரத்தில் வெடிப்புக்கு மருந்து போட்டாயிற்று. சடங்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

சின்னப்பாப்பாவும் குடத்தோடு வந்தாள். ஜான்சி குவளையால் தண்ணீர் ஊற்ற, துணி இளகி விழுந்தது. சரண்யாவின் முகம் மாறியது.

"வலிக்குதா?"

"இல்லீங்க டீச்சர்."

"அதாம்மா பயமா இருக்குது. ஆட்டோ வருது, ஏறு."

"சீசன் முடியட்டுங்க."

"சீசன் அடுத்த வருஷமும் வரும். கால் வராது."

சின்னப்பாப்பா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். திரௌபதி அவள் இடுப்புக் குடத்தை வாங்கிக்கொண்டாள். "பாத்திய நாங்க பாத்துக்கறோம். நீ கெளம்புடி, பெரிய மகாராணி."

ஆஸ்பத்திரியில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

இரவெல்லாம் அம்மாவுக்குத் துணையிருந்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்த தமிழ்நிலா, முதல் பாடத்திலேயே மேசைமேல் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். எழுப்பப்போன கணக்கு வாத்தியாரை ஜான்சி கையமர்த்தினார். ஜன்னல் வழியே கடற்காற்று வந்து, அவள் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது.