உபதேசியார் கொண்டுவந்த தண்டனை

என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் எங்கள் ஊரில் பதினோரு வருஷம் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் என்றால் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. திருமானூருக்கு மேற்கே நாலு மைலில் எங்கள் ஊர். பங்குச் சாமியார் மாட்டுவண்டியில் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் கோயில் மணி அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படித்துக் கொடுப்பது, செத்தவர்களைப் புதைப்பது எல்லாம் இவர்தான். ஊருக்கே மேய்ப்பர். எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளாடு இருந்தது. இவர் கூப்பிட்டால் இரண்டும் எதிர்ப்பக்கமாகப் போகும்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் இன்னாசிமேரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது 1944ஆம் வருஷத்துக் கதை. இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை, சேரியில் இருந்த இருசம்மாளின் மகள் வேம்பு புது நன்மை வாங்க வேண்டும். பூசையில் சாமியார் நாவில் வைக்கிற நற்கருணை அப்பத்தை வாழ்க்கையில் முதன்முதலாக வாங்குவதைத்தான் புது நன்மை என்போம். அன்றைக்கு அந்தப் பெண் கோயிலில் எந்த இடத்தில் முழந்தாளிடுவாள் என்பதுதான் விஷயம்.

எங்கள் கோயிலில் நடுவில் மேலத்தெருக்காரர்கள் உட்காருவோம். வடக்கே பக்கவாட்டில் நீண்ட ஒரு சிறகு உண்டு. அதில் சேரிக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே மரக் கிராதி. கிராதியில் ஒரு சின்னக் கதவு இருந்தது, அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. புது நன்மை அன்று சாமியார் பீடத்துக்கு முன்னால் மேலத்தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, இறங்கி வந்து, கிராதிக்கு மேலே கையை நீட்டிச் சேரிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் எல்லாரும் "எப்பவும் அப்படித்தான்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முந்தின ஐப்பசியில் உபதேசியார்களுக்கு எட்டு நாள் தியானம் நடந்தது. தியானம் கொடுத்த சாமியார், ஆத்துமாக்களை மேய்ப்பதில் ஒவ்வொரு உபதேசியாரும் தனக்கென்று ஒரு கொள்கை வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த தியானத்தில் அதை எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். போதாதா? இவர் கையில் ஒரு வார்த்தை கிடைத்தால் குரங்கு கையில் பூமாலைதான். கஞ்சி குடிக்கும்போதும் கொள்கை, வேட்டி துவைக்கும்போதும் கொள்கை.

"மேரி, மேய்ப்பனுக்கு முக்கியமானது என்னா தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆடு" என்றேன்.

"இல்ல. கோலு."

அடுத்த ஞாயிறே கோலை எடுத்துவிட்டார். தகுந்த காரணம் இல்லாமல் ஞாயிறு செபத்துக்கு வராதவர்கள், அதற்கடுத்த ஞாயிறு எல்லார் கண்ணும் படும்படி பீடத்துக்கு நேர் முன்னால், செபம் முடிகிறவரை முழந்தாளில் நிற்க வேண்டும். இதுதான் சட்டம்.

முதலில் மாட்டியவர் அடைக்கலசாமி. ஊர் நாட்டாண்மை ஆரோக்கியசெல்வத்தின் மச்சான், நல்ல கனத்த உடம்பு. அரிசிக்குப் பஞ்சமாக இருந்த வருஷம் அது. மனிதர் ஞாயிறு செபத்தை விட்டுவிட்டுத் திருமழபாடிச் சிவன் கோயில் அன்னாபிஷேகத்துக்குப் போய்ச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். "நான் சாமி கும்புடப் போவலிங்க. சாப்புடத்தான் போனேன்" என்று வாதாடினார். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்பது பழமொழிதான், ஆனால் என் வீட்டுக்காரர் விடவில்லை. முக்கால் மணி நேரம் அடைக்கலசாமி பெருமூச்சு விட்டுக்கொண்டே முழந்தாளில் நின்றார். அதற்குப் பிறகு மேலத்தெருவில் காய்ச்சல்காரன்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான். இவர் கொள்கை வென்றுவிட்டது என்று இரண்டு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

தை மாதம் சேரியிலிருந்து கொளஞ்சி ஒரு ஞாயிறு வரவில்லை. எதற்கு வரவில்லை? நாட்டாண்மையின் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நாட்டாண்மை அதை வாய் திறந்து சொல்லவில்லை. கொளஞ்சியும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இவர் கூப்பிட்டார்.

"கொளஞ்சி, முன்னால வா."

"அங்கயாங்க? நானா?"

"தண்டன குடுக்குற எடம் அதான். கதவத் தொறந்துக்கிட்டு வா."

கீல் துருப்பிடித்திருந்ததால் கதவு பெரிய சத்தம் போட்டது. கொளஞ்சி வந்து பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டான். செபம் முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை, இவர்தான் போய்த் தோளைத் தட்டினார். வெளியே வந்தவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "டீச்சரம்மா, நம்ப மாதாவுக்கு ரெண்டு கண்ணு இருக்குங்க. எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா தூணு மறைச்சு ஒண்ணுதான் தெரியும். நாப்பது வருசமா ஒத்தக் கண்ணாவே கும்புட்டுட்டேன்."

அடுத்த ஞாயிறு சேரியில் பதினோரு பேர் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அந்தப் பதினோரு பேரும் தலையில் எண்ணெய் தடவி, துவைத்த துணி உடுத்தி, தண்டனை வாங்க வந்து நின்றார்கள். இவர் விசாரணை நடத்தினார்.

"ஏன் வரல?"

"வரலிங்க."

"ஒடம்பு சரியில்லியா?"

"கல்லுமாதிரி இருக்குங்க."

"வேல இருந்துச்சா?"

"ஒரு வேலயும் இல்லிங்க. சும்மாத்தான் குந்தியிருந்தேன்."

தகுந்த காரணம் சொன்னால் தண்டனை கிடையாதே. அதனால் காரணம் இருந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழவனுக்கு நிஜமாகவே குளிர்காய்ச்சல். அவன் பெண்டாட்டி அதைச் சொல்ல வாயெடுத்தாள், அவன் அவள் காலை மிதித்தான்.

போகப் போகச் சேரியில் முறை வைத்துக்கொண்டார்கள், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போல. இந்த வாரம் பாதிப் பேர் வராமல் இருப்பது, அடுத்த வாரம் அவர்கள் முழந்தாளிடும்போது மீதிப் பாதி வராமல் இருப்பது. சாமியார் பூசை வைக்கிற ஞாயிறு மட்டும் ஒருவரும் தவறமாட்டார்கள், அது பாவம் என்று தெரியும். எனக்கு இதெல்லாம் மாசி பிறந்ததுமே புரிந்துவிட்டது. இவருக்குப் புரியவில்லை. சேரியில் பக்தி குறைகிறது என்று ராகம் போட்டுப் புலம்பிவிட்டு, தண்டனையை இரண்டு ஞாயிறாக ஏற்றினார். சேரியில் அன்றைக்குப் பாயசம் வைக்காத குறைதான். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது, அதை எதற்குக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் பாதி கழிந்த வாரம் நாட்டாண்மை ஆரோக்கியசெல்வம் வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"உபதேசியாரே, இது என்னா கூத்து? தப்புப் பண்ணுனவன் பீடத்துக்கிட்ட நிக்கிறான். ஒழுங்கா வர்றவன் அவன் முதுகப் பாத்துக்கிட்டுச் செபம் சொல்லணுமா?"

"தண்டன தண்டனதானுங்க."

"அப்ப வெளிய வாசல்ல வெயில்ல முட்டி போடச் சொல்லும்."

இவர் யோசித்தார். சட்டம் என்று வந்துவிட்டால் இவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. "செய்யலாங்க. ஆனா ஒங்க மச்சான் உள்ளதான முட்டி போட்டாரு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். அவர மறுபடி ஒருவாட்டி வெயில்ல போடச் சொல்லணும்."

நாட்டாண்மை எழுந்துவிட்டார். "பாஸ்காவுக்குள்ள இத நிறுத்தல, சாமியாருக்குக் கடுதாசி போவும். அப்புறம் அரியலூர் தாண்டிப் போயி எங்கயாவது மணி அடிச்சிக்கிட்டு இரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த மோரைக் குடித்துவிட்டேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு நான் வந்துகொண்டிருக்கும்போது, இருசம்மாள் ஒரு மடிக் கீரையோடு வாசலில், திண்ணையில் இருந்த இவர் முன்னால் நின்றிருந்தாள். வேம்புவுக்கு அப்போது பத்து வயசு. பரலோக மந்திரம், பிரியதத்தம், விசுவாசப் பிரமாணம் என்று எந்தச் செபத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெண். புது நன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற என் ஞானோபதேச வகுப்பில் அவளுக்கு ஈடு இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் இருசம்மாள்.

"கேளு இருசம்மா."

"புது நன்ம அன்னிக்கு என் மவ பீடத்துக்கு முன்னால முட்டி போடணும். அதுக்கு அவ என்னா தப்புப் பண்ணணும்னு சொல்லுங்க. பண்ணச் சொல்லிடுறேன்."

இவர் விழித்தார். "புது நன்ம வாங்குற புள்ள எதுக்குத் தப்புப் பண்ணணும்?"

"தப்புப் பண்ணாதவங்களுக்கு அங்க எடம் இல்லியேங்க. இவ ஒரு ஞாயித்துக்கெழமகூடத் தவறுனதில்ல. அதான் எனக்குக் கவலையா இருக்கு."

கிண்டல் இல்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டாள். இவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு, "தப்பு ஒண்ணும் பண்ண வேணாம். நான் பாத்துக்குறேன், போ" என்றார்.

அவள் போனதும் என் பக்கம் திரும்பினார். "இது ஒனக்குத் தெரியுமா?"

"மாசி மாசத்துலேர்ந்து தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யாரையும் முழந்தாளிடச் சொல்லவுமில்லை. என்ன செய்யப்போகிறார் என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், பேச்சு வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பதினாலு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்னால் மேலத்தெருப் பிள்ளைகள் ஒன்பது, பின்னால் சேரிப் பிள்ளைகள் ஐந்து, எல்லாருக்கும் கடைசியில் வேம்பு. உபதேசியார் எங்கே போனாலும் பின்னாலேயே போக வேண்டும், அவர் முழந்தாளிட்டால் முழந்தாளிட வேண்டும் என்று மூன்று வாரம் பழக்கியிருந்தோம். இவர் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடுவழியில் வடக்கே திரும்பினார். கிராதிக் கதவைத் திறந்து, சேரிக்காரர்களின் சிறகுக்குள் போய், கடைசிச் சுவர் ஓரமாக முழந்தாளிட்டார். பதினாலு பிள்ளைகளும் வாத்துக் குஞ்சுகள் மாதிரி அவர் பின்னாலேயே போய் முழந்தாளிட்டார்கள்.

கோயிலுக்குள் ஒரே முணுமுணுப்பு. மேலத்தெருத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடித் தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டினார்கள். சாமியாருக்கு ஒன்றும் தெரியாது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு லத்தீனில் பூசை வைத்துக்கொண்டிருந்தார். நன்மை கொடுக்கிற நேரம் பாத்திரத்தோடு திரும்பியவர், முன்னால் ஒரு குருவிகூட இல்லாததைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"பிள்ளைகள் எங்கே?"

"இங்க இருக்கோம் சாமி" என்று இவர் சுவர் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டோம் என்ற நினைப்பு.

அப்போது சிறகிலிருந்து இருசம்மாள் எழுந்தாள். "ஐயா, நான் கேட்டது இது இல்லிங்களே. என் மவ அங்க முட்டி போடணும்னுதான கேட்டேன். நீங்க எல்லாப் புள்ளயளையும் இங்க கொண்டாந்து அடைச்சிட்டீங்க."

பாவம், மூன்று வாரம் யோசித்துச் செய்த காரியம். கேட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்க இவருக்குத் தோன்றவில்லை.

சாமியார் நல்ல மனிதர், ஆனால் பசி பொறுக்கமாட்டார். பூசைக்காக நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு, ஒன்பது மைல் வண்டிப் பயணம். "ஞானப்பிரகாசம், எங்கேயாவது ஒரே இடத்தில் எல்லாரையும் முழந்தாளிட வையும். எனக்குத் தலை சுற்றுகிறது" என்றார்.

"எழுந்திரிங்க. அப்படியே திரும்புங்க" என்றார் இவர். வரிசை திரும்பியது. கதவுக்குப் பக்கத்தில் கடைசியாக நின்ற வேம்பு இப்போது முதல் ஆள். அவள் வெளியே வந்து, நேராக நடந்து, பீடத்துக்கு முன்னால் நட்டநடுவில் முழந்தாளிட்டாள். மற்றப் பதின்மூன்று பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தார்கள். நாட்டாண்மை பாதி எழுந்தார். அவர் மகளும் அந்த வரிசையில் இருந்தாள், சாமியார் கையில் நன்மை இருந்தது. அவரால் எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

கடிதம் அந்த வாரமே போனது. ஆனி மாதம் எங்களை அரியலூருக்கு வடக்கே ஒரு கருவேலங்காட்டு ஊருக்கு மாற்றினார்கள். அடுத்த தியானத்தில் எல்லா உபதேசியார்களும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொள்கை வாசித்தார்களாம். இவர் வெறுங்கையோடு எழுந்து, "ஆளுங்கள ஆடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சாமி. அது தப்பு. என்னா வேணும்னு அவங்களையே கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். ஊர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறு.

அந்தத் திங்கட்கிழமை, வேம்பு நாக்கை நீட்டி நன்மை வாங்கப்போகிற சமயம், இருசம்மாள் திறந்து கிடந்த கதவு வழியாக நடுப்பக்கத்துக்கு வந்தாள். நேரே என் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சரம்மா, கொஞ்சம் நவுந்துக்குங்க. அங்கேருந்து எம் மவ தெரியல" என்றாள். பாயில் தாராளமாக இடம் இருந்தது. அவள் மகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவள் நான். புருஷனுக்குப் புரியவில்லை என்று வாரக்கணக்கில் சிரித்தவளும் நான்தான். ஆனால் உடனே நகரவில்லை. என் கண் முதலில் பக்கத்தில் இருந்த மேலத்தெருப் பெண்கள் பக்கம் போனது. அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அதற்குள் இருசம்மாள் என் முகத்தைப் பார்த்து முடித்திருந்தாள்.