ரத்த அழுத்தமும் ஜீப்பில் ஓர் இடமும்

எந்த நாடு தன் முதியவர்களை நோய் வருமுன் காக்கிறது என்று ஒப்பிடும் கணக்கெடுப்புக்காக, போடிப் பக்கம் அறுபது தாண்டியவர்களை அளப்பது என் வேலை. வீடு வீடாகப் போய் விவரம் எடுத்தவர்களுக்கு என் புலம்பல் புரியும்: கையில் எந்தக் கருவி இருந்தாலும், ஊர்க்காரர்களுக்கு நாம் ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவர்கள்தான்.

எதற்காக ஓடினீர்கள்?

தேவாரத்தில் மக்காச்சோளக் காட்டு வரப்பில் எழுபது வயது விவசாயி ஒருவர். போன வாரம் மூச்சு வாங்க ஓடினீர்களா என்பது கேள்வி. அதற்கு யாரும் ஆமாம் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் "ரெண்டு தடவை" என்றார். எனக்கு ஒரே குஷி. எதற்காக என்பதற்கு என் கையிலிருந்த டேப்லெட்டில் மூன்று விடைகள்: உடற்பயிற்சி, விளையாட்டு, வேலை. வாசித்துக் காட்டினேன். நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "யானை வந்துச்சு தாயி, ஓடுனேன். நீயா பாத்து எதுலயாச்சும் போட்டுக்க."

எழுத வேண்டாம்

போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம். காய் எடுக்கத் தினமும் காலை ஜீப்பில் மலையேறி வருபவர் பேச்சியம்மாள், வயது அறுபத்துநான்கு. சாப்பாட்டு நேரத்தில் ரத்த அழுத்தப் பட்டையை அவர் கையில் கட்டினேன். நூற்றெண்பதைத் தாண்டியது. மறுபடி அளந்தேன், அதேதான்.

அளக்கலாம், ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி. அந்த விதிமேல் எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மாத்திரை சும்மாவே தருவார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கங்காணிக்குத் தெரிஞ்சா ஜீப்புல ஏத்த மாட்டாரு. இந்தச் சோலிய விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? எழுதாத தாயி."

கங்காணியின் கை

ஆட்களை ஜீப்பில் ஏற்றும் அந்தக் கங்காணிக்கும் வயது அறுபத்தாறு. அவரும் என் பட்டியலில் இருந்தார். அளந்தால், பேச்சியம்மாளைவிடக் கூடுதல்! ஒருவர் அளவை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது நல்ல விதி, அதைக் காப்பாற்றினேன். சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டேன். அவருக்கும் அதே ஆலோசனைதான். ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தார்: "மொதலாளி காதுல விழுந்தா வேற ஆளப் போட்டுருவாரு ஆத்தா. யார்ட்டயும் மூச்சு விட்றாத."

ஒரே வரிசை

மூன்று மாதம் கழித்து மறு அளவுக்குப் போனேன். பேச்சியம்மாள் இருப்பாரா, இருந்தாலும் வேலையில் இருப்பாரா என்று வழியெல்லாம் பயம். ஏலச்செடிகளுக்கு நடுவிலிருந்து கையசைத்தார். அளவு நூற்றுநாற்பதுக்கு இறங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆசுபத்திரி வரிசையில போயி நின்னா, எனக்கு முன்னால கங்காணியண்ணன்! ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சோம். இப்ப மாசம் ஒருக்கா ஜீப்பு ஆசுபத்திரி வாசல்ல நின்னுதான் மலையேறுது. 'மறைக்காம எறங்குங்க, யாரு எடமும் போகாது'ன்னு அவரே கத்துறாரு தாயி."

அளக்கப் போன இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்காததால் நம் நாட்டு மதிப்பெண் ஒரு ஜீப்பு அளவுக்குக் கூடியிருக்கும், மற்ற நாடுகள் மன்னிக்கட்டும்.