என்னுடைய கடதாசி வீடு

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கடதாசி வீடுதான். ஆனால் என்னுடையது.

தொண்ணூறுகளில், நாட்டைவிட்டு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஆறு பேர் இருந்தோம். எனக்குப் பத்து வயது. படுக்கை சோபாவுக்குப் பின்னால். சித்தப்பா ஊரில் சண்டைக்குள் காணாமல் போய் நாலு வருடம். சித்தி எங்களோடுதான் இருந்தா. தினமும் பொட்டு வைத்துக்கொண்டு, அவர் வருவார் என்பா. வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை.

பக்கத்து பிளாசாவின் மண்டபத்தில், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் சீன வரலாறு, இசை, பண்பாடு எல்லாம் சொல்லித் தந்தார்கள். தேத்தண்ணியும் உண்டு. அப்பா போனார், மொழிபெயர்க்க நான். பிற்காலத்தில் கிரேட் பத்தோடு பள்ளிக்கூடமே கைகழுவிவிட்ட ஆள் நான். என் புண்ணியத்தில் சீனாவின் அத்தனை அரச வம்சங்களும் அன்று ஒரே ராஜாவாகிவிட்டன. ஒருவர் இரண்டு நரம்பு வயலின் ஒன்றை வாசித்தார். எங்கள் குளியலறைக் கதவின் சத்தம் என்று நான் சிரித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேசையில் அந்த வீடு இருந்தது. காகிதத்தில் செய்த சிவப்புக் கூரை, வாசலில் ஒரு கார். வகுப்பை நடத்திய சீன அன்ரி சொன்னதை அப்பாவுக்குச் சொன்னேன்: செத்தவரின் பெயரை எழுதி எரித்தால் அவரிடம் போய்ச் சேருமாம். தபால் செலவும் இல்லையாம் என்று என் பங்குக்கும் சேர்த்தேன்.

"உடம்பு கிடைக்காத ஆக்களுக்கும் போகுமோ எண்டு கேள்" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் 'உடம்பு இல்லாத மனிசனுக்கு' என்று கேட்டு வைத்தேன். அந்த அன்ரி அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தா. போகும் என்றா. பிறகு வீட்டைத் தூக்கித் தந்தா. என்னுடைய கையில். ஆகவே அது என்னுடையது.

ஞாயிறு மத்தியானம் வீட்டைக் காணவில்லை. பல்கனியால் எட்டிப் பார்த்தால், கார் பார்க்கில் பனிக்குவியலுக்குப் பக்கத்தில் அப்பாவும் ஒரு பிஸ்கட் தகரமும் புகையும். ஜக்கெட் இல்லாமல் ஓடினேன். கூரை எரிந்துவிட்டது. கதவில் சித்தப்பாவின் பெயர், அப்பாவின் கையெழுத்தில். ஒருநாளும் எங்களைப் பார்க்க வராத மனிதருக்கு என் வீடு!

"உனக்கு வேறை வாங்கித் தாறன். சித்தியிட்டை மட்டும் சொல்லாதை."

நேரே சித்தியிடம்தான் போனேன். அப்பாவுக்கு நல்ல ஏச்சு விழவேண்டும். அரிசி களைந்துகொண்டிருந்த அவவிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"பேரும் எழுதினவரோ?"

"ஓம். வடிவா எழுதினவர்."

சித்தி பைப்பைப் பூட்டினா. அப்பா உள்ளே வந்ததும் கேட்டா: "அவரை எரிக்க நீங்கள் ஆர் அண்ணை?"

அப்பா விரலில் ஒட்டியிருந்த சாம்பலைக் காற்சட்டையில் துடைத்தார். அந்தக் கிழமையே சித்தி வெக்ஸ்போர்ட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டா. அவவின் கட்டில் எனக்கு வந்தது. வென்றுவிட்டேன் என்று காலை நீட்டிப் படுத்தேன், மடையன்.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டுக் கணக்கில் அப்பா முப்பத்தொரு நாள் முகம் வழிக்கவில்லை. பிளேட் மழுங்கிப் போச்சாக்கும் என்று அப்போது நினைத்தேன்.